பேசுகிற குடித்தனம்

உட்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்க. அம்மணி, நீங்களும்.

வாடகை, அட்வான்ஸ் எல்லாம் புரோக்கர் ஆறுச்சாமி சொல்லியிருப்பான். அதில் எனக்குப் பேச்சில்லை. கறி மீன் சமைத்துக்கொள்ளுங்க. சுவரில் ஆணி அடித்துக்கொள்ளுங்க. விருந்தாளி வந்தால் வரட்டும், எத்தனை நாள் இருந்தாலும் சரி. எனக்கு ஒன்றுதான் தெரியணும்.

உங்க சம்சாரம் பேசுவாங்களா?

சிரிக்காதீங்க. விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இந்த ஒரு கேள்வியில்தான் வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். முதலில் ஒரு பேங்க் உத்தியோகஸ்தர் வந்தார். நல்ல மனுஷன். கூட சம்சாரம். "எந்த ஊரு அம்மணி?" என்று கேட்டேன். அவர் பதில் சொன்னார். "குழந்தைக எத்தனை?" என்று கேட்டேன். அதற்கும் அவர்தான். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. கிளம்பும்போது "வர்றனுங்க" என்றது. அது ஒரு பேச்சா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புருஷனே எல்லாவற்றையும் பேசிவிட்டால் அந்தப் பெண் என்னதான் செய்யும்? கொடுமை.

அப்புறம் ஒரு டாக்டர் அம்மா. அது பேசும். ஆனால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு எங்கேயோ இருக்கிறவர்களோடு பேசும். பக்கத்தில் இருக்கிறவர்களோடு பேசாது. அதுவும் ஆகாது.

ஆறுச்சாமிக்கு ஆத்திரம். "ஏனுங்ணா, ஊர்ல எல்லாரும் சத்தம் போடாத குடித்தனமாப் பாருங்கறாங்க. நீங்க சத்தம் போடற குடித்தனமாப் பாருங்கறீங்க. நான் யாரையின்னு கூட்டியார்றது?" என்றான். "கூட்டியார்றதுதான் உன் பொழப்பு, போ" என்றேன். போன வாரம் வந்து, "மதுரைப் பக்கத்து ஆளுக, அந்தப் பொண்ணு பேச ஆரம்பிச்சா ஆட்டோக்காரன் வழி தப்பிடறான்" என்றான். அதனால்தான் வரச் சொன்னேன்.

எதற்கா? சொல்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்துதானே ஆகணும்.

என் சம்சாரம் மயிலாத்தாள். இப்போது ஓசூரில் இருக்கிறாள், மகள் வீட்டில். ஆடி மாதம் மகளுக்கு வயிற்றில் ஆபரேஷன். கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போனாள். சரியானதும் வருவதாகப் பேச்சு. மகளுக்குச் சரியாகி, புரட்டாசியிலேயே வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். இவள் வரவில்லை. தீபாவளிக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. பொங்கலும் போனது. மருமகன் வீட்டுச் சோறு எத்தனை நாளைக்குச் சாப்பிடுவது? எங்கள் பக்கத்தில் அது மரியாதை இல்லை. அவளுக்கும் தெரியும்.

சண்டையா? எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை தம்பி. கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு சண்டை கிடையாது. சண்டை போடணும் என்றால் பேசணுமே. நான் குடிக்க மாட்டேன். கை நீட்ட மாட்டேன். சம்பளத்தைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவேன். வேறென்ன வேணும்?

நான் மில்லில் ஃபிட்டர். ஸ்பின்னிங். இப்போது அந்த மில்லே இல்லை, இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அந்த இரைச்சலில் கிடந்து இந்த இடது காது போச்சு. வலது காதும் பாதிதான். அதனால் கொஞ்சம் சத்தமாகப் பேசுங்க. வேலையில் இருந்தபோது எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். வீட்டில் சத்தம் கூடாது. எட்டு மணி நேரம் மெஷின் காதுக்குள்ளே ஓடிவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் ஒரு டம்ளர் உருண்டால்கூட எரிச்சல் வரும். மயிலா புரிந்து நடந்துகொள்வாள். பாத்திரத்தை வைக்கிற சத்தம் வராது. கொலுசைக்கூட அவளாகவே கழற்றி வைத்துவிட்டாள். நான் சொல்லவே இல்லை.

இந்த முன்பக்கப் போர்ஷன் முன்னாலும் வாடகைக்கு விட்டதுதான். தேனிக்காரக் குடும்பம். அந்தப் பெண்ணும் இவளும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள். என்னதான் பேசுவார்களோ. கேட்டால் ஒன்றும் இருக்காது. எனக்கு மூணாவது ஷிப்ட் முடிந்து பகலில்தான் தூக்கம். காலி பண்ணச் சொல்லிவிட்டேன். மயிலா அவர்களோடு நின்று சாமான்களைக் கட்டிக் கொடுத்தாள். வண்டி தெரு முனை திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றாள். அப்புறம் உள்ளே வந்து எனக்குச் சோறு போட்டாள். அவ்வளவுதான், அந்த விஷயம் அதோடு முடிந்தது. அதற்கப்புறம் இதைப் பூட்டியே வைத்திருந்தோம். ரிட்டயர் ஆனபிறகும் திறக்கவில்லை. சாமான் போட்டு வைத்திருந்தோம்.

ரிட்டயர் ஆனதும் நிம்மதிதான். இல்லையென்று சொல்ல மாட்டேன். மில் சங்கு ஊதாது. பகலில் விழித்திருக்கலாம். ஆடி மாதம் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வருகிற காற்று இருக்கிறதே, அதை நான் வேலையில் இருந்த காலத்தில் அனுபவித்ததே இல்லை. காலையில் பேக்கரியில் ஒரு டீ, ஒரு பேப்பர். வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நேரத்துக்குச் சாப்பாடு. அவள் அடுக்களையில் இருப்பாள், நான் இங்கே இருப்பேன். சாயங்காலம் அவள் அந்தப் படியில் உட்கார்ந்து பூக்கட்டுவாள், நான் இங்கேயே இருப்பேன். இதைவிட என்ன வேணும் வயதான காலத்தில்?

அவள் போன பிறகு சமையல் நானேதான். சமையல் என்ன, சோறு வைப்பேன், ஒரு ரசம். பால் தினமும் பொங்கிவிடுகிறது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் பொங்குவதில்லை, திரும்பினால் பொங்குகிறது. என்ன எழவோ. துணி அலசினால் சோப்பு போவதில்லை. டிவியை வைத்துவிடுகிறேன், காலையிலிருந்து ஓடும். அதில் என்ன சொல்கிறான் என்று எனக்குக் கேட்காது. சத்தம் இருக்கட்டும் என்றுதான். சத்தம் இல்லாவிட்டால் வீடு ஒருமாதிரி இருக்கிறது.

போனில் தினமும் பேசுகிறேன். ஒருநாள் தவறாது. "சாப்பிட்டீங்களா?" என்பாள். "ம்" என்பேன். "மாத்திரை?" என்பாள். "ம்" என்பேன். "வேறென்னங்க?" என்பாள். வேறென்ன இருக்கிறது, ஒன்றுமில்லை. வைத்துவிடுவேன். எத்தனை பேர் வீட்டில் தினமும் போன் பண்ணுகிறார்கள் சொல்லுங்க.

ஐப்பசியில், தீபாவளி முடிந்து, நானே நேரில் போனேன். சொல்லாமல்தான் போனேன். சொன்னால் மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருவார், அந்தத் தொந்தரவு வேண்டாம் என்று. அவர்கள் இருப்பது அடுக்குமாடி. கேட்டுக்கு உள்ளே ஒரு வேப்பமரம், அதைச் சுற்றி சிமெண்ட் மேடை. ஐந்தாறு பொம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தெலுங்கு, ஒருத்தி கன்னடம், எல்லாம் கலந்து ஒரே பேச்சு. அதில் ஒருத்தி கையை ஆட்டி ஆட்டி ஏதோ கதை சொல்கிறாள், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். யார் இவள், இப்படித் தொண்டையைத் திறந்து பேசுகிறாளே என்று பார்த்தேன். என் அரைக் காதுக்கே கேட்டது அந்தக் குரல்.

மயிலா.

எனக்கு அடையாளம் தெரியவில்லை தம்பி. கட்டியிருந்த சேலை தெரியும். முகம் தெரியும். குரல் தெரியவில்லை.

பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் நிறுத்திவிட்டாள். ஓடுகிற மெஷினில் பெல்ட் அறுந்த மாதிரி, சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நின்றாள். மரியாதை. அவ்வளவு பேர் முன்னாலும் அந்த மரியாதையை விடவில்லை. மற்றவர்கள்தான் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள்.

சாப்பிட்டதும் சொன்னேன். "துணிமணி எடுத்து வை. காலையில பஸ்." அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள், "அங்க வந்து நான் யாருகூடப் பேசறதுங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. "என்னது?" என்றேன். காது கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னாள். "அங்க பேச ஆளில்லீங்க."

மகள் நடுவில் வந்து, "அப்பா, அம்மா இங்க வந்துதான் கொஞ்சம் சிரிக்கறாங்க. இருக்கட்டும்" என்றாள். "அங்க யாரு சிரிக்க வேண்டாம்னது?" என்று கேட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் மறுநாள் தனியாகப் பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் இதே யோசனை. பேச ஆளில்லை என்கிறாள். நியாயம்தானே? இந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்? எதிர்வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்து வீட்டில் ஒரு கிழவர், அவரும் என்னை மாதிரி. அவள் யாரோடுதான் பேசுவாள் பாவம்? சேலம் தாண்டியபிறகு எனக்குப் பளிச்சென்று பட்டது. முன்பக்கப் போர்ஷன். நல்ல வாய் உள்ள பெண்ணாகப் பார்த்துக் குடி வைத்துவிட்டால் தீர்ந்தது விஷயம். எனக்கே ஆச்சரியம், இது முன்னால் ஏன் தோன்றவில்லை என்று.

வந்த மறுநாளே சாமானையெல்லாம் ஒழித்தேன். பெயிண்ட் போன வாரம் நானேதான் அடித்தேன். கொஞ்சம் திட்டுத் திட்டாகத் தெரியும், பார்த்தீங்களா, அது காய்ந்தால் சரியாகிவிடும். துவைக்கிற கல் உடைந்து கிடந்தது, புதுக் கல் போட்டிருக்கிறேன். ரெண்டு பேர் நின்று துவைக்கிற மாதிரி. மெஷின் இருக்கிறதா உங்களிடம்? இருக்கட்டும். சும்மா நின்று பேசுவதற்கு ஆகும்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஆள் அமைந்தபிறகு சொல்லலாம் என்று. இப்போது சொல்லிவிடலாம். அம்மணி, உங்க பேரென்ன? சங்கரியா. நல்லது. நீங்கள் ஒரு காரியம் பண்ணுங்க. இந்த போனில் ரெண்டை அமுக்கிப் பிடித்தால் மயிலாவுக்குப் போகும். குடிவரப் போகிறோம் என்று சொல்லிப் பேசுங்க. என்ன வேண்டுமானாலும் பேசுங்க. நான் பேசினால் சட்டென்று முடிந்துவிடும். அந்த ரூமுக்குள்ளே போய்ப் பேசுங்க, அங்கே டவர் நன்றாகக் கிடைக்கும்.

எடுத்துவிட்டாளா? எடுத்துவிட்டாள் போல.

உங்க சம்சாரம் நல்ல மாதிரி தம்பி. கதவைத் திறந்ததிலிருந்து பார்க்கிறேன். வாசலில் இருக்கிற கறிவேப்பிலைக் கன்றைப் பார்த்து, "ஏம்ப்பா இவ்வளவு வாடிருச்சு?" என்று அதனோடேயே பேசிக்கொண்டு வந்தார்களே. அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். நீங்கள்தான் கொஞ்சம் கம்மியாகப் பேசுகிறீர்கள். ஆம்பளைகள் அப்படித்தான் இருக்கணும்.

கேட்குதா உங்களுக்கு? சிரிக்கிறார்களா? இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. சிரிக்கிறார்களா? அப்படியானால் அங்கே இவளும் சிரிக்கிறாள் என்றுதான் அர்த்தம்.

மார்கழியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சொல்லக்கூடாது, உங்களிடம் சொல்கிறேன். எழுந்து தண்ணீர் குடிக்க முடியவில்லை. கட்டிலில் கிடந்தேன். டிவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கவும் எழ முடியவில்லை. யாரோ ஒரு பெண் சமையல் சொல்லிக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கவே இல்லை. அப்புறம் கேட்டால், "டிவி சத்தம் கேட்டுட்டே இருந்துச்சுங்க, நல்லா இருக்கீங்கன்னு நினைச்சுட்டேன்" என்கிறார். என்ன மனுஷன்.

அன்றைக்கும் போன் வந்தது. "சாப்பிட்டீங்களா?" என்றாள். "ம்" என்றேன். "மாத்திரை?" என்றாள். "ம்" என்றேன். "வேறென்னங்க?" என்றாள். "ஒண்ணுமில்லை" என்றேன்.

சொன்னால் வந்துவிடுவாள். அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள். எனக்குத் தெரியாதா? காய்ச்சலுக்கு வந்தால் காய்ச்சல் விட்டதும் போய்விடலாம் இல்லையா. அப்படி வரவேண்டாம். வீட்டுக்கு வருகிற மாதிரி வரட்டும்.

இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களா? பேசட்டும், பேசட்டும். எனக்கு அவசரமில்லை.

வாங்க அம்மணி. முடிந்ததா? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க, இதுதான் கேட்கிற காது. என்ன சொன்னாள்?

பரணில் இருக்கிற இட்லிப் பானையை எடுத்துக்கொள்ளச் சொன்னாளா? கிரைண்டரையுமா? அவள் கிரைண்டரையா? தம்பி, கேட்டீங்களா. அந்தக் கிரைண்டரை மகள் கேட்டே அவள் கொடுக்கவில்லை. உங்க சம்சாரத்தை ரொம்பப் பிடித்துவிட்டது அவளுக்கு. நான்தான் சொன்னேனே.

அப்புறம்? கறிவேப்பிலைக்கு அரிசி களைந்த தண்ணீரா. சரி. பின்பக்கக் குழாயை இறுக்கித் திருகணும். ஆமாம், அது சொட்டும். மழை வந்தால் அந்த ஜன்னல். சரி. பூக்காரி வந்தால் வாங்கிக்கொள்ளுங்க, அவளிடம் நிறுத்தச் சொல்ல வேண்டாம். சரி. எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறாள் பாருங்க. வீட்டு நினைப்பாகவே இருக்கிறாள்.

எப்போது வருகிறேன் என்றாள்?

கேட்கவில்லையா. பேச்சு சுவாரசியத்தில் விட்டுப்போயிருக்கும். அதனாலென்ன, நீங்கள் வரும்போது பால் காய்ச்சணுமே. அன்றைக்கு வந்துவிடுவாள்.

வேறே என்ன? ஏதோ சொல்ல வந்து நிறுத்துகிறீர்கள். சொல்லுங்க அம்மணி. பேசுவீர்கள் என்றுதானே உங்களை வைக்கிறேன்.

ரெண்டு விரலா?

அதையா சொன்னாள்?

அது ஒன்றுமில்லை தம்பி. மில் பழக்கம். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. எல்லாமே கையால்தான். அதே பழக்கம் வீட்டிலும் வந்துவிட்டது. ரெண்டு விரல் காட்டினால் காபி. உள்ளங்கையை விரித்தால் சோறு போதும். மேலே பார்த்தால் ஃபேன். காதைத் தொட்டால் சத்தம் வேண்டாம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவைதான் சொல்லிக் கொடுத்தேன். அப்படியே பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. வேறு யாருக்கு அமையும் அப்படி ஒருத்தி?

உள்ளங்கை விரிக்கிறதையும் சொன்னாளா? மேலே பார்க்கிறது? காதைத் தொடுகிறதுமா?

எல்லாவற்றையுமா?

அதை எதற்கு உங்களிடம் சொல்கிறாள்?

இல்லை அம்மணி, உங்கள் மேல் கோபமில்லை. ஒருநேரம் காபி கொடுப்பீர்கள், அதற்கு நன்றி. இட்லிப் பானை சரி. கிரைண்டர் சரி. இது அப்படியில்லை. இது எனக்கும் அவளுக்கும் உள்ளது. மகளுக்கே தெரியாது. திரும்பி வரப்போகிறவள் இதை எதற்கு இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுக்கணும்?

போனைக் கொடுங்க. நானே கூப்பிடுகிறேன்.

... நான்தான்.

... ம்.

... ம். நல்லா பேசறாங்க. நல்ல பொண்ணு.

... ம்.

என்ன தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்? கையா? அது... வா என்று கூப்பிடுவது. இப்படி விரலை உள்ளே மடக்கினால் வா என்று அர்த்தம். எந்த ரூமில் இருந்தாலும் பார்த்துவிட்டு வந்துவிடுவாள். போனில் அவளுக்கு எங்கே தெரியப் போகிறது. கை அதுவாகப் போகிறது, நான் என்ன செய்ய.

இல்லை, வைக்கவில்லை. லைனில்தான் இருக்கிறாள். நான் ஏதாவது சொல்வேன் என்று இருக்கிறாள் போல.

அம்மணி, இந்தாங்க. நீங்களே சொல்லிவிடுங்க.